கேள்வி-பதில்: புதிய ஏற்பாடு எவ்வளவு தூரம் வரலாறு?

புதிய ஏற்பாட்டோட வரலாறு பத்தி வந்த கேள்விகளை மட்டும் இந்தத் தடவை ஒண்ணா எடுத்துக்கிட்டேன். நம்பிக்கை உள்ளவங்களும் கேட்டிருக்காங்க, இல்லாதவங்களும் கேட்டிருக்காங்க. ஆளுக்குத் தகுந்த மாதிரி பதிலை மாத்தல, எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

கேள்வி: புதிய ஏற்பாட்டுக்கு 5,800 கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருக்காம், வேற எந்தப் பழைய நூலுக்கும் இவ்வளவு கிடையாதாம். அதனால அதுல இருக்கிறதெல்லாம் நடந்த விஷயம்தான்னு என் நண்பர் அடிச்சுச் சொல்றார். சரிதானா?

பதில்: எண்ணிக்கை கிட்டத்தட்ட சரி, ஆனா அவர் சொல்ற முடிவு அதுலேர்ந்து வராது. கேட்டலாக்ல நம்பர் அவ்வளவு இருக்கு, அதுல ஒரே பிரதியோட பிரிஞ்சுபோன பகுதிகள் தனித்தனி நம்பர்ல இருக்கு, சிலது அழிஞ்சோ தொலைஞ்சோ போயிடுச்சு, அதையெல்லாம் கழிச்சா கணக்கு இன்னும் கொஞ்சம் கீழ வரும். அதைவிட முக்கியம், இதுல பெரும்பாலானது 9, 10-ம் நூற்றாண்டுக்கு அப்புறம் எழுதினது. இயேசுவுக்கு அப்புறம் முதல் 200 வருஷத்துக்குள்ள எழுதினது எதுன்னு கேட்டா கையில இருக்கிறது கொஞ்சம் பேப்பிரஸ் (நாணல் செடியில செஞ்ச பழைய காலத் தாள்) துண்டுகள்தான்.

அதுல ரொம்பப் பிரபலமானது பி52-ங்கிற துண்டு (பி-ன்னா பேப்பிரஸ், கூட வர்றது பட்டியல் எண்), மான்செஸ்டர்ல ஜான் ரைலண்ட்ஸ் லைப்ரரில இருக்கு. உயரம் 9 சென்டிமீட்டர் கூட வராது, அகலம் 6 தான். ஒரு பக்கம் யோவான் 18-ம் அதிகாரம் 31-லேர்ந்து 33 வரைக்கும் உள்ள வசனங்கள்ல 7 வரி, திருப்பினா 37, 38-ம் வசனத்துல 7 வரி, ஒரு வரி கூட முழுசா இல்ல. யூதேயாவோட ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரிக்கிற இடம் அது. ரெண்டு பக்கமும் தொடர்ந்து எழுதியிருக்கிறதால இது சுருளோட துண்டு இல்ல, புத்தகமா கட்டின ஒரு தாளோட துண்டுன்னு புரியுது. 1935-ல இதை வெளியிட்ட சி.எச். ராபர்ட்ஸ் 2-ம் நூற்றாண்டோட முதல் பாதின்னு தேதி குறிச்சார், அங்கேர்ந்து 'கி.பி. 125'ங்கிற நம்பர் மேடைக்கு மேடை ஓடிட்டிருக்கு. அந்தத் தேதி கையெழுத்தோட சாயலை மட்டும் வச்சுப் போட்டது, சாயலை வச்சு அவ்வளவு குறுகலா ஒரு வருஷத்தைப் பிடிக்க முடியாது, 2-ம் நூற்றாண்டோட பின்பகுதி, ஏன் 3-ம் நூற்றாண்டோட தொடக்கமா கூட இருக்கலாம்னு 2005-ல ஆய்வாளர் பிரென்ட் நோங்ப்ரி எழுதினார். அவர் சொன்னதுல நியாயம் இருக்கு.

நான் சொல்ல வர்றது இதுதான். காப்பி எடுத்தவங்க எவ்வளவு ஒழுங்கா எடுத்தாங்கங்கிறது ஒரு கேள்வி. முதல்ல எழுதினவர் எழுதின விஷயம் நடந்ததாங்கிறது வேற கேள்வி. பொதுவா 3-ம் நூற்றாண்டுன்னு சொல்ற பி75 பேப்பிரஸ்ல லூக்காவும் யோவானும் இருக்கு, அதை 4-ம் நூற்றாண்டு வத்திக்கான் பிரதியோட ஒப்பிட்டா ரெண்டும் அவ்வளவு நெருக்கமா ஒத்துப்போகுது. இதை வச்சு லூக்கா எழுதினது நம்ம கைக்கு நல்லபடியா வந்திருக்குன்னு தைரியமா சொல்லலாம், லூக்காவுக்குக் கிடைச்ச தகவல் சரியான்னு சொல்ல முடியாது. ஹோமரோட கிரேக்கக் காவியம் இலியட்டுக்கும் பிரதிகள் ஆயிரத்தைத் தாண்டும், அதுக்காக அதுல வர்ற தெய்வங்கள் போர்க்களத்துல இறங்கினாங்கன்னு உங்க நண்பரும் ஒத்துக்க மாட்டார்.

கேள்வி: அப்ப புதிய ஏற்பாட்டுல '4 லட்சம் பிழைகள்' இருக்குன்னு மறுபக்கம் சொல்ற கதை?

பதில்: அதுவும் பாதி உண்மைதான். பிரதிக்குப் பிரதி இருக்கிற வித்தியாசங்களை மொத்தமா எண்ணினா அந்த அளவுக்கு வரும்னு ஆய்வாளர்களே மதிப்பிட்டிருக்காங்க. பிரதிகள் நிறைய இருக்கிறதாலதான் வித்தியாசமும் நிறைய, ஒரே ஒரு பிரதி இருந்திருந்தா வித்தியாசமே இருந்திருக்காது, ஆனா அப்ப தப்பு எங்கன்னு கண்டுபிடிக்க வழியும் இருந்திருக்காது. இதுல ரொம்பப் பெரிய பங்கு ஸ்பெல்லிங், வார்த்தை முன்பின் மாறினது, 'இயேசு'ங்கிற இடத்துல 'கர்த்தராகிய இயேசு'ன்னு போட்டது, இப்படித்தான்.

சிலது மட்டும் சின்ன விஷயம் கிடையாது. விபசாரத்துல பிடிபட்ட பெண்ணோட கதை, 'உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும்'னு வருமே, யோவான் 7-ம் அதிகாரக் கடைசியிலேர்ந்து 8-ம் அதிகாரம் 11-ம் வசனம் வரைக்கும், அது பி66-ல இல்ல, பி75-ல இல்ல, 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி ரெண்டுலயும் இல்ல. சில பிரதிகள்ல இதே கதை லூக்கா 21-ம் அதிகாரத்துக்குப் பின்னாடி போய் உக்காந்திருக்கு. ஒரு கதை இப்படி இடம் மாறி மாறி வந்தா அது தனியா சுத்திட்டிருந்து பிற்பாடு உள்ள நுழைஞ்சதுன்னுதான் அர்த்தம். எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான பகுதி அது, இருந்தாலும் யோவான் சுவிசேஷத்தோட மூலத்துல அது இல்லைன்னுதான் சொல்லணும். மாற்கு 16-ம் அதிகாரத்துல 9-லேர்ந்து 20 வரைக்கும் உள்ள வசனங்களும் இப்படித்தான், சினாய், வத்திக்கான் ரெண்டுலயும் மாற்கு 8-ம் வசனத்தோட முடிஞ்சிடும். இதுல இன்னொண்ணு, கி.பி. 180 வாக்குல எழுதின சபைத் தலைவர் இரேனியு அந்த நீண்ட முடிவுலேர்ந்து மேற்கோள் காட்டறார், அதாவது சேர்ந்தது கூட ரொம்பச் சீக்கிரமே சேர்ந்திருக்கு.

திரித்துவத்துக்கு (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிற கோட்பாடு) நேரடி ஆதாரமா காட்டற 1 யோவான் 5:7, 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்'ங்கிற வரி, பழைய கிரேக்கப் பிரதிகள்ல கிடையவே கிடையாது, லத்தீன் வழியா வந்தது. அறிஞர் எராஸ்மஸ் 1516-லயும் 1519-லயும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுல அதை விட்டுட்டார், எதிர்ப்பு கிளம்பிச்சு, 1522 பதிப்புல சேர்த்தார், அதுலேர்ந்து நிறைய மொழிபெயர்ப்புகளுக்குள்ள போயிடுச்சு. திரித்துவக் கோட்பாடு அந்த ஒரு வரியை நம்பி நிக்கல, அது உருவானப்ப கிரேக்கச் சபைகள் கையில அந்த வரியே இல்ல. அதனால அதை எடுத்தா விசுவாசம் விழுந்திடும்னு யாரும் பயப்பட வேண்டியதில்ல.

கேள்வி: லூக்கா பெரிய வரலாற்று ஆசிரியர்னு போதகர் சொல்றார். இயேசு பிறந்தப்ப நடந்த குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) விஷயத்துல லூக்கா தப்புப் பண்ணிட்டார்னு வேற ஒருத்தர் சொல்றார். எதை எடுத்துக்கிறது?

பதில்: ரெண்டையும்தான். ஒரே ஆசிரியர் ஒரு இடத்துல அசத்தலா சரியா இருக்கார், இன்னொரு இடத்துல சறுக்கறார், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

முதல்ல சறுக்கின இடம். ஏரோது ராஜா உயிரோட இருந்த காலத்துல இயேசு பிறந்தார்னு மத்தேயு சொல்றார், லூக்காவும் முதல் அதிகாரத்துல ஏரோதோட நாட்கள்னுதான் ஆரம்பிக்கிறார். ஏரோது செத்தது கி.மு. 4-னு பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. லூக்கா 2-ம் அதிகாரம், சிரேனியு சீரியாவுக்குத் தேசாதிபதியா இருந்தப்ப நடந்த குடிமதிப்புக்காக யோசேப்பு பெத்லகேமுக்குப் போனார்ங்குது. அந்தக் குடிமதிப்பு எப்ப நடந்துச்சுன்னு 1-ம் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் யோசேப்பஸ் தெளிவா எழுதி வச்சிருக்கார், ஏரோதோட மகன் அர்கெலாயுவைப் பதவியிலேர்ந்து இறக்கி யூதேயாவை ரோம் நேரடியா எடுத்துக்கிட்டப்ப, கி.பி. 6-ல. நடுவுல கிட்டத்தட்ட 10 வருஷம் இடிக்குது. ஏரோது சாகறப்ப சீரியாவுல இருந்தது வாருஸ், அவருக்கு முன்னாடி சாத்தர்நீனுஸ், சிரேனியு இல்ல. கி.பி. 6-ன்னே வச்சுக்கிட்டாலும் நாசரேத் இருக்கிற கலிலேயா ஏரோதோட இன்னொரு மகன் அந்திப்பா கையில இருந்துச்சு, யூதேயாவுல எடுக்கிற ரோமக் கணக்குக்கு அங்கேர்ந்து ஒருத்தர் கிளம்பிப் போக வேண்டிய காரணம் தெரியல.

இதைச் சரிக்கட்ட நிறைய முயற்சி நடந்திருக்கு. சிரேனியு ரெண்டு தடவை பதவியில இருந்தார்ங்கிறாங்க, அதுக்கு நேரடி ஆதாரம் இல்ல. 'சிரேனியுவுக்கு முன்னாடி நடந்த குடிமதிப்பு'ன்னு அந்த வசனத்தைப் படிக்கலாம்ங்கிறாங்க, கிரேக்க வாக்கியம் இயல்பா அப்படி வராது. எல்லாத்தையும் வாசிச்சுட்டுத்தான் சொல்றேன், லூக்கா இங்க ரெண்டு காலத்தைக் குழப்பிட்டார்ங்கிறதுதான் எனக்குச் சரியாப் படுது. லூக்காவோட இன்னொரு நூலான அப்போஸ்தலர் நடபடிகள்ல 5-ம் அதிகாரத்துலயும் இதே மாதிரி ஒரு இடம் இருக்கு. யூதச் சட்ட அறிஞர் கமாலியேல் பேசறப்ப தெயுதாஸோட கலகம் முதல்ல நடந்துச்சு, அப்புறம் குடிமதிப்பு நாட்கள்ல கலிலேயனான யூதாஸ் எழும்பினான்னு வருது, யோசேப்பஸ் கணக்குப்படி தெயுதாஸ் கிளம்பினது கி.பி. 44-க்கு அப்புறம், அதாவது கமாலியேல் பேசினதுக்கும் பல வருஷம் பின்னாடி. வேற ஒரு தெயுதாஸ் இருந்திருக்கலாம்னு சொல்லலாம்தான், அப்படி ஒருத்தர் இருந்தார்னு வேற எங்கயும் இல்ல.

இப்ப அதே ஆளோட இன்னொரு பக்கம். அப்போஸ்தலர் 18-ம் அதிகாரத்துல கல்லியோன் அகாயாவுக்கு (தெற்கு கிரீஸ்) அதிபதியா இருந்தப்ப பவுலைக் கொரிந்துல விசாரணைக்குக் கொண்டுவந்தாங்கன்னு வருது. கிரீஸ்ல டெல்ஃபிங்கிற இடத்துல கிடைச்ச கல்வெட்டுத் துண்டுகள்ல கிளாடியஸ் சக்கரவர்த்தியோட கடிதம் ஒண்ணு இருக்கு, அதுல கல்லியோன் பேர் பதவியோட வருது, கணக்குப் போட்டா கி.பி. 51-52 வாக்குல. ரோமத் தத்துவஞானி செனெக்காவோட அண்ணன்தான் இந்தக் கல்லியோன். பவுலோட வாழ்க்கைக்கு நமக்குக் கிடைச்சிருக்கிற ரொம்ப உறுதியான ஒரே தேதி இதுலேர்ந்துதான் வருது, மத்த எல்லாத்தையும் இதுலேர்ந்து முன்னயும் பின்னயும் எண்ணிக்கிறாங்க. 17-ம் அதிகாரத்துல தெசலோனிக்கே பட்டணத்து அதிகாரிகளுக்கு லூக்கா 'பொலிட்டார்க்'னு ஒரு பதவிப் பேர் போடறார், அது மத்த கிரேக்க இலக்கியத்துல காணோமேன்னு ஒரு காலத்துல சந்தேகப்பட்டாங்க, பிற்பாடு அந்த மக்கெதோனியா பகுதியிலேயே கல்வெட்டு கல்வெட்டா அந்தப் பதவி கிடைச்சுது, தெசலோனிக்கே நகர வாசல்ல இருந்த ஒரு கல் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்கு ஒரு பதவி, பிலிப்பிக்கு வேற பதவின்னு ஊருக்கு ஊர் மாறினதையெல்லாம் லூக்கா சரியாப் பிடிச்சிருக்கார்.

ஏன் இப்படின்னு கேட்டா, பவுல் சுத்தின பட்டணங்கள் லூக்காவுக்கும் அவருக்குத் தகவல் சொன்னவங்களுக்கும் பழக்கமான உலகம், காலமும் கிட்ட. பெத்லகேம் கதை அவர் எழுதறதுக்கு 80, 90 வருஷம் முந்தினது, இடமும் அவருக்குப் பழக்கமில்லாத இடம். கல்லியோன் சரியா இருக்கிறதால குடிமதிப்பும் சரியாத்தான் இருக்கணும்னு ஒரு பக்கம் வாதாடுது, குடிமதிப்பு இடிக்கிறதால லூக்கா முழுக்கப் புளுகுன்னு இன்னொரு பக்கம், எந்தப் பழைய ஆசிரியரையும் அப்படிப் படிக்க முடியாது. ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் பிலாத்துவை 'ப்ரோக்யுரேட்டர்'னு எழுதியிருக்கார், 1961-ல செசரியாவுல கிடைச்ச கல்லுல 'ப்ரிஃபெக்ட்'னு வேற பதவிப் பேர் இருக்கு. அதுக்காக டாசிட்டஸை யாரும் தூக்கிப் போடல.

கேள்வி: மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்தான் இதையெல்லாம் எழுதினாங்களா?

பதில்: நாலு நூல்லயும் உள்ள எங்கயும் 'நான் மத்தேயு எழுதறேன்'னு கிடையாது, பேரெல்லாம் தலைப்புலதான் இருக்கு. நாலு பேரையும் சேர்த்துத் தெளிவாச் சொல்ற முதல் ஆள் இரேனியு, கி.பி. 180 வாக்குல. அதுக்கு முன்னாடி பாப்பியாஸ்ங்கிற சபைத் தலைவர், 2-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல, மாற்கு பேதுருவோட மொழிபெயர்ப்பாளர், ஞாபகத்துல இருந்ததைச் சரியா எழுதினார், ஆனா வரிசைப்படி எழுதலன்னு சொன்னதா சபை வரலாறு எழுதின யூசிபியஸ் எடுத்து எழுதியிருக்கார். மாற்குதான் முதல்ல எழுதப்பட்டுச்சு, எருசலேம் தேவாலயம் இடிஞ்ச கி.பி. 70-ஐ ஒட்டிங்கிறது பரவலான கருத்து. மத்தேயு மாற்குல 10-ல 9 பங்கை வாங்கிப் பயன்படுத்தியிருக்கார், கூடவே இருந்து பார்த்த சீஷர் ஒருத்தர், பார்க்காத ஒருத்தரோட நூலை இவ்வளவு வரிக்கு வரி எடுப்பாராங்கிறது நியாயமான கேள்வி. லூக்கா தான் நேர்ல பார்த்தவன் இல்லைன்னு முதல் நாலு வசனத்துலேயே வெளிப்படையாச் சொல்லிடறார், கண்ணாரக் கண்டவங்க சொன்னதை விசாரிச்சு எழுதறேன்ங்கிறார். எனக்கு அந்த நாலு வசனத்து மேல பெரிய மரியாதை உண்டு.

நிருபங்கள்ல, அதாவது கடிதங்கள்ல, பவுல் பேர்ல இருக்கிற 13-ல ஏழு அவர் எழுதினதுன்னு கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கிறாங்க, ரோமர், ரெண்டு கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன். இதுதான் கிறிஸ்தவத்தோட ரொம்பப் பழைய எழுத்து, சுவிசேஷங்களுக்கும் முந்தினது. 2 பேதுருவைப் பேதுரு எழுதலன்னுதான் பெரும்பாலானவங்க நினைக்கிறாங்க, பழைய காலத்துலேயே அதுமேல சந்தேகம் இருந்திருக்கு.

கேள்வி: ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் நைசியா சபைக் கூட்டத்துல ஓட்டு எடுத்துத்தான் எந்தப் புஸ்தகம் பைபிள்ல வரணும்னு முடிவு பண்ணாராமே?

பதில்: இல்ல. 325-ல நைசியாவுல பேசினது இயேசு பிதாவுக்குச் சமமில்லைன்னு ஆரியஸ் கிளப்பின சர்ச்சை, ஈஸ்டர் தேதி, சபை நிர்வாகம். நாலு சுவிசேஷமும் பவுல் நிருபங்களும் அதுக்கு ரொம்ப முன்னாடியே பல இடத்துல நிலைச்சிடுச்சு. ஓரத்துல இருந்த சில நூல்களுக்குத்தான் இழுபறி நடந்துச்சு, சினாய்ப் பிரதியோட கடைசியில 'பர்னபா நிருபம்', 'எர்மாவோட மேய்ப்பன்'ங்கிற நூல்களும் கூடச் சேர்ந்தே இருக்கு. இப்ப இருக்கிற 27 நூல் மட்டும்னு பட்டியலா நமக்குக் கிடைக்கிறது 367-ல அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியஸ் எழுதின ஈஸ்டர் கடிதத்துல.

கேள்வி: பைபிள்ல இல்லாத தோமா சுவிசேஷத்தை மறைச்சுட்டாங்களா?

பதில்: 1945-ல எகிப்துல நாக் ஹம்மாடில முழுசாக் கிடைச்சது, இயேசு சொன்னதா 114 வாக்குகள். இப்ப யார் வேணும்னாலும் வாங்கிப் படிக்கலாம். அதுல சில வாக்குகள் பழசா இருக்க வாய்ப்பு இருக்கு, மொத்த நூலா பார்த்தா 2-ம் நூற்றாண்டுன்னுதான் நிறைய பேர் சொல்றாங்க.

கேள்வி: இயேசுன்னு ஒருத்தர் இருந்ததுக்கே ஆதாரம் இல்லைன்னு ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?

பதில்: அந்த வீடியோவை விட்டுட்டு கலாத்தியர் முதல் அதிகாரத்தை எடுங்க. பவுல் எருசலேமுக்குப் போய் பேதுருவோட 15 நாள் தங்கினேன், கர்த்தருடைய சகோதரனான யாக்கோபையும் பார்த்தேன்னு எழுதறார், 'நான் பொய் சொல்லவில்லை'ன்னு சத்தியம் வேற பண்றார். இது போற்றிப் பாடற இடம் கிடையாது, எரிச்சலோட தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ற இடம். யாக்கோபு பவுலுக்கு எல்லாத்துலயும் இணக்கமா இருந்தவரும் இல்ல, அடுத்த அதிகாரத்தைப் பார்த்தாலே தெரியும். இல்லாத ஒருத்தருக்கு நேர்ல பார்த்துப் பேசக்கூடிய தம்பி இருக்க மாட்டார்.

அதே யாக்கோபை கி.பி. 62-ல பிரதான ஆசாரியன் அன்னா கல்லெறிஞ்சு கொல்ல வச்சதை யோசேப்பஸ் எழுதறார், 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்'னு அடையாளம் சொல்றார். யோசேப்பஸோட இன்னொரு பத்தி, இயேசுவைப் பத்தி நேரடியா வர்றது, அதுல 'இவரே கிறிஸ்து'ன்னெல்லாம் இருக்கு, கிறிஸ்தவ நகலெடுப்பாளர் கை அதுல பட்டிருக்கு, ஏன்னா யோசேப்பஸ் இயேசுவைக் கிறிஸ்துன்னு ஏத்துக்கலன்னு கிறிஸ்தவ அறிஞர் ஒரிகனே 3-ம் நூற்றாண்டுல சொல்லிட்டார். அந்தப் பத்தியைத் தயவுசெஞ்சு அப்படியே ஆதாரமாத் தூக்காதீங்க. டாசிட்டஸ் 2-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல, திபேரியு சக்கரவர்த்தி காலத்துல பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்தார்னு எழுதறார், கிறிஸ்தவங்களை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இருந்தார், ஞானஸ்நானம் எடுத்தார், போதிச்சார், பிலாத்து காலத்துல சிலுவையில செத்தார், இதுவரைக்கும் நாத்திக ஆய்வாளர்களும் பெரும்பாலும் கூடவே வருவாங்க.

கேள்வி: உயிர்த்தெழுதல் வரலாறா, நம்பிக்கையா?

பதில்: வரலாறு ஒரு இடம் வரைக்கும் வரும். 1 கொரிந்தியர் 15-ல பவுல் தனக்கு ஒப்புவிக்கப்பட்டதுன்னு ஒரு பட்டியல் தர்றார், கேபாவுக்கு (பேதுருவோட இன்னொரு பேர்) தரிசனமானார், பன்னிருவருக்கு, 500-க்கும் அதிகமான சகோதரருக்கு, யாக்கோபுக்கு. நிருபம் எழுதினது கி.பி. 55-ஐ ஒட்டி, அவர் கேள்விப்பட்டது அதுக்கும் முன்னாடி, அதனால இந்த நம்பிக்கை பல தலைமுறை கழிச்சு முளைச்ச கதை கிடையாது, பார்த்தோம்னு சொன்ன ஆட்கள் உயிரோட இருந்தப்பவே இருந்த பேச்சு. சுவிசேஷங்கள்ல விவரம் ஒத்துப்போகல. கல்லறைக்குப் போனது மாற்குல மூணு பெண்கள், மத்தேயுல ரெண்டு, யோவான்ல மகதலேனா மரியாள் தனியா. உள்ள இருந்தது மாற்குல ஒரு வாலிபன், லூக்கால ரெண்டு பேர். சீஷருக்குத் தரிசனமானது மத்தேயுல கலிலேயாவுல, லூக்கால எருசலேம்லயும் சுத்துவட்டாரத்துலயும். எல்லாத்தையும் ஒரே கதையா ஒட்ட வைக்கிற முயற்சி எனக்குப் பிடிக்கிறதில்ல, ஒவ்வொருத்தரும் சொல்ல வந்தது அதுல காணாமப் போயிடுது.

பார்த்தோம்னு அவங்க மனப்பூர்வமா நம்பினாங்க, அதுக்காக அடிபட்டாங்க, சிலர் உயிரையும் விட்டாங்க, அது வரலாறு. அவங்க பார்த்தது என்னங்கிறதை எந்தக் கல்வெட்டும் பேப்பிரஸும் தீர்த்து வைக்காது. அங்க நீங்க எடுக்கிற முடிவு வேற இடத்துலேர்ந்து வருது, அதை ஒளிவு மறைவில்லாம அப்படியே சொல்லிடறதுதான் நல்லது.

கேள்வி: இதையெல்லாம் நானே சோதிச்சுப் பார்க்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: பைபிள்ல இருக்கிற வரிசையை விட்டுடுங்க. முதல்ல 1 தெசலோனிக்கேயர், அப்புறம் கலாத்தியர், 1 கொரிந்தியர், அதுக்கு அப்புறம் மாற்கு. மாற்கு முடிஞ்சதும் மத்தேயுவையும் லூக்காவையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு ஒரே சம்பவத்தை மூணுலயும் படிங்க, எதை அப்படியே எடுத்தாங்க, எங்க மாத்தினாங்கன்னு தானாத் தெரியும். அடிக்குறிப்பு உள்ள புது மொழிபெயர்ப்பு ஒண்ணு கையில இருக்கட்டும், 'சில பழைய பிரதிகளில் இது இல்லை'ன்னு எங்கெல்லாம் வருதோ அங்க பென்சில்ல குறிச்சுக்கங்க. யோவானைக் கடைசியில வச்சுக்கங்க. வாசிக்கறப்ப மாற்கு 14:12-ஐயும் யோவான் 19:14-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்க, மாற்குல இயேசு பஸ்காங்கிற யூதப் பண்டிகையோட விருந்து சாப்பிட்டுட்டு மறுநாள் பகல்ல சாகறார், யோவான்ல பஸ்கா விருந்துக்கு முன்னாடியே, ஆட்டுக்குட்டிகளை அறுக்கிற நாள்லயே செத்துடறார். யோவான் ஏன் அந்த நாளை வச்சார்னு அதே சுவிசேஷத்தோட முதல் அதிகாரம் 29-ம் வசனத்தைப் படிச்சுட்டு யோசிங்க, உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதி அனுப்புங்க.